அங்கே எனக்கு யாருமில்லை

நியூ ஜெர்சி மாநிலத்துப் பார்சிப்பனியில் பல் டாக்டருக்கும் வருமான வரி ஆபீசுக்கும் நடுவில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதன் கதவைத் திறப்பவள் நேசமலர். வெறும் வயிற்றோடு வந்து எரிச்சலோடு உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, கையை நீட்டச் சொல்லி, விரல் நுனியால் நரம்பைத் தேடி, ஊசி போட்டு இரத்தம் எடுப்பது அவள் வேலை. இங்கே பதினோரு வருடம், அதற்கு முன் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாறு வருடம். இரண்டு தடவை குத்திப் பார்த்து மற்றவர்கள் கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். அவள் மூன்றாவது தடவை குத்தியதாகச் சரித்திரம் இல்லை.

வயது ஐம்பத்தொன்று. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்தவள். பதினாறு வயதில் லண்டனுக்கு வந்து, அங்கேயே படித்து, பிரித்தானியப் பிரஜையாகி, செல்வராஜாவைக் கல்யாணம் செய்து, அவருடைய கம்பெனி அவரை நியூ ஜெர்சிக்கு மாற்றியபோது ஆறு வயது மகள் நிருஜாவையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இப்போது கிரீன் கார்டு இருக்கிறது. பாஸ்போர்ட் மட்டும் இன்னும் லண்டனுடையது.

அவள் எழுதுவாள் என்பது லேபில் ஒருவருக்கும் தெரியாது. பத்து மணி இடைவேளையில் காருக்குள் போய் உட்கார்ந்து, ஸ்டீயரிங் மேல் நோட்டை வைத்து எழுதிய முப்பத்திரண்டு சின்னச் சின்னச் சொற்சித்திரங்கள், கையை நீட்டியவர்களைப் பற்றியவை, ஆங்கிலத்தில் ஒரு புத்தகமாக வந்திருந்தன. லீட்ஸில் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் கராஜில் நடத்துகிற பதிப்பகம். எழுநூறு பிரதி போட்டார்கள். அதில் பாதி அதே கராஜில் இருந்தது.

அந்தப் புத்தகம் எப்படியோ யாரோ ஒருவர் கையில் கிடைத்திருக்கிறது. மார்ச் மாதத்தில் ஒரு நாள், நாலாவது நோயாளிக்கும் ஐந்தாவது நோயாளிக்கும் நடுவில், லண்டனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஹால்வுட் பயணப் பரிசு அவளுக்குக் கிடைத்திருக்கிறது என்று.

எண்பது வருடத்துக்கு முன் ஒரு பணக்காரச் சீமாட்டி எழுதிவைத்துவிட்டுப் போன பரிசு அது. பிரித்தானிய, அயர்லாந்து எழுத்தாளர்கள் வெளிநாட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்கி, ஊரையும் மனிதரையும் பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும். செலவு பரிசுச் சபையுடையது. விண்ணப்பிக்க முடியாது, சபையே கூடிப் பேசி ஆளைத் தேர்ந்தெடுக்கும். நேசமலர் மின்னஞ்சலை இரண்டு தடவை படித்துவிட்டு ஐந்தாவது நோயாளியை அழைத்தாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு நரம்புகூடத் தப்பவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் பேசினார்கள். அந்தப் பக்கம் மூன்று பேர். வெள்ளி முடியோடு தலைவி. பெயர் சொல்லியும் மனதில் நிற்காத ஒரு முதிய அங்கத்தவர். செயலர் ஃபின்டன் என்ற அயர்லாந்துக்காரர். புத்தகத்தை மனதாரப் பாராட்டினார்கள். பிறகு தலைவி கேட்டார்: "எப்போது புறப்படுகிறீர்கள்? மழைக்கு முன்னாலேயே போய்விடுவது நல்லது என்றார்கள்."

"எங்கே?" என்று கேட்டாள் நேசமலர்.

"யாழ்ப்பாணத்துக்கு."

அந்தப் பெயரை அவர் மிகவும் கவனமாக, சரியாகவே உச்சரித்தார். முதல் நாளே சொல்லிப் பழகியிருக்க வேண்டும். நேசமலர் அவர்கள் அனுப்பிய படிவத்தைத் திறந்து பார்த்தாள். 'செல்லும் நாடு' என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே இலங்கை என்று அச்சடித்திருந்தது.

"நான் டெக்சாஸுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்" என்றாள்.

இணையம் நின்றுவிட்டதோ என்று நினைத்து ஃபின்டன் தன் திரையைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறீர்களே" என்றார் முதியவர்.

"நான் இருப்பது நியூ ஜெர்சி. நான் சொல்கிற ஊருக்கும் எனக்கும் நடுவில் லண்டனிலிருந்து இஸ்தான்புல் போகிற தூரம் இருக்கிறது. உங்கள் விதியில் பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே என்றுதான் போட்டிருக்கிறது. டெக்சாஸ் வெளியேதானே இருக்கிறது?"

"அந்த ஊரோடு உங்களுக்கு என்ன தொடர்பு?" என்று தலைவி மென்மையாகக் கேட்டார்.

தொடர்பு ஒன்றுமே இல்லை. சென்ற வருடம் ஒரு லாரி டிரைவருக்கு இரத்தம் எடுத்தாள். அவர் பிறந்த ஊர் பிராஸ்வெல். மேற்கு டெக்சாஸ், பருத்திக்காடு, தொள்ளாயிரம் பேர். 'அங்கே யாரும் வேண்டுமென்று போனதே கிடையாது, போகிற வழியில் டயர் வெடித்தால்தான் உண்டு' என்று சிரித்தார் அவர். அந்தப் பெயர் அவள் தலையில் தங்கிவிட்டது. அவ்வளவுதான்.

"அங்கே எனக்கு யாருமில்லை" என்றாள் நேசமலர். "அதற்காகத்தான் போகிறேன்."

"வாசகர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது…" என்று தொடங்கினார் தலைவி.

நேசமலர் அதற்குள் மேசையில் இருந்த ஒரு தாளை எடுத்தாள். பரிசு வாங்கியவர்களின் பட்டியல். சபையின் இணையத்தளத்திலிருந்து முதல் நாள் அச்செடுத்து வைத்திருந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடத்துக்கு நேரே ஜெஃப்ரி பென்டில் என்ற பெயர் இருந்தது. அவரை அவளுக்குத் தெரியும். அவருடைய இலங்கைப் புத்தகத்தை இருபது வயதில் லண்டன் நூலகமொன்றில் எடுத்துப் படித்திருக்கிறாள். ஐந்து வாரம் தங்கியவர். தமிழில் ஒரு சொல் தெரியாதவர். கரவெட்டிக்கும் வந்திருக்கிறார். 'இவ்வூர்ப் பெண்கள் சிரிப்பதில்லை. துயரம் இவர்கள் முகத்தோடு பிறந்தது' என்று எழுதியிருக்கிறார். அதை வீட்டில் வாசித்துக் காட்டியபோது அவள் அம்மா சொன்னது நேசமலருக்கு இன்றும் காதில் இருக்கிறது. "கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்ட வெள்ளையனைப் பாத்து ஆரடி சிரிக்கிறது? அவன் அங்கால போனாப் பிறகு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பினம்."

"ஐம்பத்தெட்டில் மிஸ்டர் பென்டிலை இலங்கைக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்றாள். "அந்த ஊரோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று அவரிடம் கேட்டீர்களா?"

ஃபின்டனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தலைவி, "அது வேறு காலம்" என்றார்.

"ஆமாம். அதனால்தான் கேட்கிறேன்" என்றாள் நேசமலர்.

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு அவர்கள் போனார்கள்.

செல்வராஜா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வடிவமைப்புச் செய்கிற என்ஜினியர். எதிலும் கசிவு எங்கே வரும் என்று முதலில் பார்க்கிற சுபாவம்.

"நீர் தனியவோ டெக்சாஸுக்குப் போகப் போறீர்?"

"ஓம்."

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை."

"ஹூஸ்டன்ல என்னோட வேலை செய்த ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். ஏதும் எமர்ஜென்சி எண்டா…"

"ஹூஸ்டன்ல இருந்து எட்டு மணித்தியாலம் ட்ரைவ் பண்ணவேணும். அவர் வந்து சேர முதல் எமர்ஜென்சி முடிஞ்சிடும்."

படியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்த நிருஜா தலையைத் தூக்கினாள். பதினேழு வயது. தமிழ் எல்லாம் விளங்கும், வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். "தட்ஸ் சோ வெயர்ட், அம்மா. ஐ லவ் இட்" என்றாள். செல்வராஜா மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீரை ஊற்றினார்.

ஊருக்குள் செய்தி பரவ ஒரு வாரம்தான் எடுத்தது. அடுத்த ஞாயிறு, பள்ளிக்கூடமொன்றின் சாப்பாட்டு மண்டபத்தில் தமிழ்ச் சங்கத்துக் கூட்டம். சங்கத்துக்கு இருபது வருடமாகத் தலைவர் சேனாபதி அங்கிள். ஓய்வுபெற்ற கண் டாக்டர். எழுபது தாண்டியவர், நல்ல மனிதர், ஒலிவாங்கி இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கிற குரல். நேசமலர் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வரிசையில் நின்றபோது அவர் வந்து வழிமறித்தார்.

"தங்கச்சி, பெரிய பரிசாம். சந்தோஷம். ஆனா நான் கேள்விப்பட்டது உண்மையோ? எங்கட சனத்தின்ர கதையை உலகத்துக்குச் சொல்லுறதுக்கு வெள்ளைக்காரனே காசு தாறன் எண்டுறான். நீர் மாடு மேய்க்கிற ஆக்களைப் பாக்கப் போறீராம்?"

சுற்றி நின்றவர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"உண்மைதான் அங்கிள்."

"எங்களுக்கு இப்பிடிச் சந்தர்ப்பம் எத்தினை தரம் வரும்? நாங்கள் பட்டதை ஆர் எழுதுறது?"

அது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அவருடைய கண் கலங்கியிருந்தது. நேசமலருக்கு அது தெரிந்தது. தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"அங்கிள், என்ர அண்ணா தொண்ணூறாம் ஆண்டு சைக்கிள்ல வெளிக்கிட்டவர். திரும்பி வரேல்லை. ஆர் கொண்டுபோனவை, எந்தப் பக்கம் கொண்டுபோனவை எண்டு இண்டை வரைக்கும் தெரியாது. அம்மா லண்டன்ல சாகிற வரைக்கும் வாசல் கதவை உள்ளால பூட்டவிடேல்லை. அதை எழுதவேணும் எண்டா நான் எழுதுவன். எப்ப எழுதுறது, ஆருக்கு எழுதுறது எண்டு நான்தான் சொல்லுவன். மூண்டு பேர் லண்டன்ல இருந்து டிக்கெற் போட்டுத் தருவினம், நான் போய் அழுது எழுதிக்கொண்டு வரவேணும் எண்டா, அது என்னால ஏலாது."

"கோவப்படாதையும், பிள்ளை."

"கோவமில்லை அங்கிள். இது என்ர முடிவு."

ரூட் 46 நெடுஞ்சாலையில் செல்வராஜா காரை ஓட்டி வீட்டுக்கு வந்தார். கராஜுக்குள் காரை நிறுத்திவிட்டு, "ரென்டல் கார் எடுக்கேக்க ஸ்பெயார் டயர் இருக்கோ எண்டு பாத்து எடும். இப்பத்தை கார்கள்ல வைக்கிறதில்லை" என்றார். அவர் சம்மதம் சொல்வது அப்படித்தான்.

சபையிடமிருந்து ஏப்ரலில் ஒரு சமரச யோசனை வந்தது. முதல் மூன்று வாரம் யாழ்ப்பாணம், பிறகு இரண்டு வாரம் டெக்சாஸ். இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் சிறப்பாக இருக்கும். நேசமலர் காருக்குள் உட்கார்ந்து நாலு வரியில் பதில் எழுதினாள். 'நான் பிராஸ்வெல்லுக்குப் போகிறேன். ஒப்பிட மாட்டேன். விருப்பமில்லையென்றால் பரிசை வேறொருவருக்குக் கொடுங்கள்; எனக்கு மனவருத்தம் இல்லை. நான் என் விடுமுறையில் போய்க்கொள்வேன்.' கடைசி வரி பொய். அவ்வளவு விடுமுறை அவளுக்கு இல்லை.

ஐந்து வாரம் சத்தமே இல்லை. பிறகு ஃபின்டன் தொலைபேசியில் கூப்பிட்டார். "சபையில் ஐந்து பேர் வாக்களித்தார்கள். மூன்றுக்கு இரண்டு. நீங்கள் போகலாம். ஒருவர் ராஜினாமா செய்வதாகச் சொன்னார். செய்யவில்லை." தொடர்ந்து சொன்னார்: "எங்கள் பெரியப்பாவின் ஊரைப் பற்றியும் ஒரு இங்கிலாந்துக்காரர் புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் நாங்கள் எல்லோரும் மழையில் நனைந்து பாடிக்கொண்டே இருக்கிறோம். என் பெரியப்பாவுக்குப் பாடவே வராது."

லேப் மேனேஜர் ஐந்து வாரம் சம்பளமில்லாத விடுப்புக்கு, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். "இல்லை. ஊர் பார்க்கப் போகிறேன்" என்றாள் நேசமலர்.

ஆகஸ்ட் நடுவில் டல்லாஸில் இறங்கி, ஸ்பெயார் டயர் உள்ள கார் கிடைக்கும் வரை கவுண்டரில் நின்று சண்டைபிடித்து எடுத்து, மேற்கே ஐந்து மணி நேரம் ஓட்டினாள். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. இரண்டு பக்கமும் பருத்தி. அதற்கு மேல் காற்றாலைகள். வானம் அவ்வளவு பெரிதாக இருந்ததை அவள் ஒரு இடத்திலும் பார்த்ததில்லை. பயமாகத்தான் இருந்தது. திரும்பலாமா என்று ஒரு பெட்ரோல் பங்கில் நின்று பத்து நிமிடம் யோசித்தாள். அங்கே விற்ற கசப்புக் காபியைக் குடித்துவிட்டு மேற்கேயே ஓட்டினாள்.

பிராஸ்வெல்லில் லொரேன் என்ற கிழவி வீட்டுப் பின்னறையை வாடகைக்கு விட்டாள். முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவள், புருஷன் ராய் இறந்து நாலு வருடம். முதல் நாள் கேட்டாள்: "உன் ஊர் எது?"

"லண்டன்."

"அதற்கு முன்னால்?"

"லூயிஷம். அதுவும் லண்டன்தான்."

லொரேன் இடுப்பில் கையை வைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெரிதாகச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நேசமலர் ஊரைச் சுற்றினாள். தேவாலயத்தில் உட்கார்ந்தாள், பருத்தி ஆலையில் நின்றாள், வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்துப் பையன்களின் ஃபுட்பால் பார்க்க ஊரோடு ஊராகப் போனாள். இரண்டு வாரத்தில் நோட்டு பாதி நிறைந்தது. 'இம்மக்கள் தண்ணீர் குடிக்கும் பாத்திரங்கள் மிகப் பெரியவை. அவற்றைக் கைக்குழந்தை போல எங்கும் தூக்கிச் செல்கிறார்கள். எதிரே வாகனம் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார்கள், அது வணக்கம். இரண்டு விரல் என்றால் சொந்தக்காரர். மழையைப் பற்றிக் கேட்டால் உண்மை சொல்வார்கள். மகனைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிச் சொல்வார்கள்.' இப்படி எழுத அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

மூன்றாவது வாரம் மேசை விசிறி வாங்க, நாலாவது தடவையாக ஹார்ட்வேர் கடைக்குப் போனாள். கடைக்காரர் வேட், அறுபது வயது, எப்போதும் தொப்பி. விசிறியைப் பையில் போடாமல் கவுண்டரில் வைத்துக்கொண்டே கேட்டார்: "மேடம், நீங்கள் எங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகச் சொல்கிறார்கள். நீங்கள் இந்த ஊர் இல்லை. எங்களைப் பற்றி எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். நேசமலருக்கு முதலில் கன்னம் சுட்டது. பிறகு சிரிப்பு வந்தது. கரவெட்டியில் ஒருவரும் பென்டிலிடம் கேட்காத கேள்வி. கேட்க மொழி இருக்கவில்லை. இவருக்கு இருக்கிறது, கேட்கிறார். கேட்கட்டும்.

"யாரும் கொடுக்கவில்லை" என்றாள். "நானே எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நாலு மணிக்கு நூலகத்தில், இதுவரை எழுதியதை வாசிக்கிறேன். பிழை இருந்தால் வந்து சொல்லுங்கள்."

அந்த வாக்கியத்தை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. விசிறியைத் தூக்கிக்கொண்டு நேராக நூலகத்துக்குப் போய், வியாழக்கிழமை இடம் தருவீர்களா என்று கேட்டாள்.

பத்தொன்பது பேர் வந்தார்கள். லொரேன் ஒரு குடம் அளவு குளிர்ந்த தேநீர் கொண்டுவந்தாள். நேசமலர் ஒரு மணி நேரம் வாசித்தாள். தண்ணீர்ப் பாத்திரத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு விரல் சொந்தக்காரருக்கு இல்லை, கடன் கொடுத்தவருக்கு என்று ஒருவர் திருத்தினார், அதைக் குறித்துக்கொண்டாள். மகனுக்குப் பதில் மழையைப் பற்றிச் சொல்வார்கள் என்ற வரிக்கு மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு மனிதர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இந்த வரி வந்தது: 'இம்மக்கள் இறந்தவர்களுக்காக அழுவதில்லை, அவர்களுடைய வாகனத்தை விற்காமல் வைத்திருக்கிறார்கள்.'

"நிறுத்து" என்றாள் லொரேன். ராயின் பழைய பிக்கப் இன்னும் அவள் வீட்டு முற்றத்தில்தான் நின்றது. "நான் அழுததை நீ பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எழுது. அழவில்லை என்று எழுதாதே."

நேசமலருக்குக் காது மடல் சூடேறியது. பென்டில் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்க, அந்த வரியின் முன்பாதியை வெட்டினாள். "மன்னித்துவிடுங்கள், லொரேன். நான் பார்க்கவில்லை" என்றாள். லொரேன் தலையாட்டிவிட்டுத் தேநீர் ஊற்றினாள்.

கடைசிப் பக்கம் ஹார்ட்வேர் கடை. 'கடைக்காரர் என்னோடு பேசிய முதல் மூன்று தடவையும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். நான் எதையாவது எடுத்துவிடுவேன் என்பது போல.'

வேட் எழுந்தார். "நான் அப்படிப் பார்க்கவில்லை."

"பார்த்தீர்கள்."

"கடை வைத்திருப்பவன் எல்லாருடைய கையையும்தான் பார்ப்பான்."

"என் கையை நீ பார்த்ததே இல்லையே, வேட்" என்று நடுவரிசையிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

வேட் நேசமலரைப் பார்த்து, "அதை எடுத்துவிடுங்கள்" என்றார்.

"லொரேனின் வரியை எடுத்தேன். அது பொய். இது பொய் இல்லை. எடுக்கமாட்டேன்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவு தானாக மூடுகிற கதவு. அறைந்து சாத்த முடியாது. அதற்கு அவர் பட்ட ஆத்திரம் முதுகிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது லொரேன், "அந்த வரியை எடுத்திருந்தால் அடுத்த விசிறியைப் பாதி விலைக்குக் கொடுத்திருப்பான்" என்றாள்.

"வேண்டாம்."

"நல்லது" என்றாள் லொரேன்.

மீதி இரண்டு வாரமும் நேசமலர் அதே ஊரில்தான் இருந்தாள். வேண்டுமென்றே ஒரு தடவை பாட்டரி வாங்க வேட் கடைக்குப் போனாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தபடி மீதிச் சில்லறையைக் கொடுத்தார். அது மரியாதையா முறைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் என்று நோட்டில் எழுதினாள்.

குளிர்காலம் முழுக்கக் காருக்குள் ஹீட்டரைப் போட்டு எழுதி முடித்தாள். 'பிராஸ்வெல் மக்களின் பழக்கவழக்கங்கள்' என்று தலைப்பு வைத்து அனுப்பினாள். சபை வெளியிடுகிற சிறு நூல் வரிசையில் அது வரவேண்டும். பதிலுக்கு மூன்று யோசனைகள் வந்தன. தலைப்பைப் 'போரிலிருந்து புல்வெளிக்கு' என்று மாற்றலாம். அகதியாக வந்த கதையை முன்னுரையாகச் சேர்க்கலாம். சேலை கட்டிய படம் ஒன்று வேண்டும்.

மூன்றையும் சிவப்பால் வெட்டி ஸ்கேன் செய்து அனுப்பினாள். ஆசிரியர் குறிப்புக்கு ஒரே வரி எழுதினாள்: 'நேசமலர் செல்வராஜா, இரத்தம் எடுப்பவர், நியூ ஜெர்சி.' படத்துக்குப் பதில் ஒன்றும் வைக்கவில்லை. ஃபின்டன் அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டு, தலைவியிடம் பிறகுதான் சொன்னாராம்.

புத்தகம் மே மாதம் வந்தது. கூர்மையானது என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஆசிரியர் தன்னை மறைத்துக்கொள்கிறார், ஒரு அகதியின் இதயம் எங்கே என்று இன்னொன்று கேட்டது. நிருஜா அந்த இரண்டாவதை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து, அடியில் 'நன் ஆஃப் யுவர் பிஸினஸ்' என்று மார்க்கரால் எழுதினாள். செல்வராஜா அதைக் கிழிக்கவில்லை.

ஜூனில் ஒரு காலை, ஆறே காலுக்கு, சேனாபதி அங்கிள் லேபுக்கு வந்து உட்கார்ந்தார். கொலஸ்டரோல் பார்க்கவேண்டுமாம். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு லேப் இருக்கிறது. நேசமலர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சட்டைக் கையை மடித்துவிட்டு நரம்பைத் தேடினாள்.

"வாசிச்சனான்" என்றார். "சிரிப்பா இருந்தது. அந்தக் கடைக்காரன்ர பகுதி மூண்டு தரம் வாசிச்சன். எண்டாலும் தங்கச்சி, நீர் எங்கட கதையை…"

"கையை மடக்காதேங்கோ அங்கிள்."

மடக்கவில்லை. இரண்டாவது குழாய் நிறைந்தது. பிறகு கேட்டார்: "அண்ணாவுக்கு என்ன பேர்?"

"ஜெயசீலன்."

"ஜெயசீலன்" என்று அவரும் ஒருதரம் சொன்னார். அதற்கு மேல் கேட்கவில்லை. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நேசமலர் குழாய்களில் அவர் பெயரை ஒட்டினாள்.

அதே மாதக் கடைசியில் லொரேனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே நேசமலரின் புத்தகத்தில் ஒரு பிரதி. வேட் லண்டனிலிருந்து நாற்பது பிரதி வரவழைத்துக் கடையில் விற்கிறார் என்று லொரேன் எழுதியிருந்தாள். ஒவ்வொரு பிரதிக்குள்ளும் ஒரு மஞ்சள் தாள் பின் அடித்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மறுப்பு'. கீழே வேட்டின் கையொப்பம். முதல் பத்தியில் அந்த அம்மாள் சொல்வது பொய், தான் எந்தக் கையையும் பார்க்கவில்லை என்று இருந்தது. இரண்டாவது பத்தி வேறு மாதிரி. 'கடை என் தகப்பனுடையது. அவர் எனக்கு யாரைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். எல்லாரையும் கவனிக்கச் சொல்லவில்லை. அதை நான் இந்தப் புத்தகம் வரும்வரை யோசித்ததில்லை. யோசிக்கவைத்ததற்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை.'

நேசமலர் காருக்குள் உட்கார்ந்து அதை வாசித்தாள். இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கடைக்குப் போன் போட்டாள்.

"உங்கள் இரண்டாவது பத்தி என் புத்தகத்தில் இருக்கிற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கிறது" என்றாள். "முதலாவது பத்தி பொய்."

"உங்கள் புத்தகம் பொய்" என்றார் வேட்.

"அப்படியென்றால் ஏன் நாற்பது வாங்கினீர்கள்?"

"என் பதிலோடு விற்கத்தான்."

அவர் வைத்துவிட்டார். நேசமலர் உடனே ஃபின்டனைக் கூப்பிட்டாள். அடுத்த பதிப்பில் அந்த மஞ்சள் தாளையும் கடைசிப் பக்கமாகச் சேர்க்க வேண்டும் என்றாள். எண்பது வருடத்தில், தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஊர் திருப்பி எழுதியதைச் சபை அச்சடித்ததே இல்லை, அதற்கு விதியும் இல்லை என்றார் ஃபின்டன்.

"விதி போடுங்கள். இல்லையென்றால் என்னுடையதையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து வரட்டும், அல்லது இரண்டும் வேண்டாம்."

"தலைவி ஒப்புக்கொள்ளமாட்டார்."

"கேட்டுப் பாருங்கள். நான் காத்திருப்பேன்."

இந்தத் தடவை இரண்டு மாதம் எடுத்தது. இரண்டாம் பதிப்பு வந்தபோது கடைசிப் பக்கத்தில் வேட்டின் மறுப்பு இருந்தது, அவர் எழுதியபடியே, எழுத்துப் பிழைகளோடு. அதைப் பார்த்துவிட்டு வேட் தன் வாழ்நாளில் முதல் தடவையாக லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஊரே சிரிக்கிறது, பிழைகளைத் திருத்த வேண்டும் என்று. சபை அதை நேசமலருக்கு அனுப்பி அவள் அபிப்பிராயத்தைக் கேட்டது. அவள் வேட்டுக்கே நேராகப் பதில் எழுதினாள். 'உங்கள் எழுத்தில் நான் கை வைக்கமாட்டேன். திருத்த வேண்டுமென்றால் நீங்களே திருத்தி எழுதி அனுப்புங்கள். முதலாவது பத்தியையும் சேர்த்து.'

அவர் இன்னும் அனுப்பவில்லை. அவளும் கேட்பதை விடவில்லை.